சித்திரசேனை ஏன் செத்தாள்?

உறையூர் வரை வரும் பழைய செய்தி

வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில், கலவியில் அடிப்பதைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு சாவு பதிவாகியிருக்கிறது. சோழ அரசன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையை, மார்பில் விழும் ‘கீலை’ என்ற அடியால் கொன்றுவிட்டான். அரசனின் பெயரை நூல் சொல்லவில்லை. முற்காலச் சோழர்களின் தலைநகரம் உறையூர். இன்று அது திருச்சி மாநகரின் ஒரு பகுதி. அடுத்த செய்தியாக, சாதவாகன மன்னன் சாதகர்ணி தன் தேவி மலயவதியைக் கொன்றதும் வருகிறது. இத்தகைய அடிகளைத் தென்னாட்டார் வழக்கம் என்று குறிப்பிடும் வாத்ஸ்யாயனர், அவை துன்பம் தருபவை, ஏற்கத்தக்கவை அல்ல என்கிறார். கட்டுவது, கட்டளையிடுவது, பணிவது, வலி தருவது, பெறுவது ஆகியவற்றை இன்பத்தின் பகுதியாக்கிக்கொள்ளும் வழக்கத்தை இன்று பி.டி.எஸ்.எம். என்கிறோம். இது இணையத்தோடு வந்த மேல்நாட்டு வழக்கம் என்று சொல்பவர்கள் இந்த அத்தியாயத்தைக் கவனிக்க வேண்டும். ஆசை பழையது. அது உயிரைக் குடிக்காமல் இருக்க என்ன வேண்டும் என்பதே இன்றும் நம் முன் இருக்கும் கேள்வி.

நோய் என்று சொல்லலாமா?

1886-இல் ஜெர்மானிய மொழியில் வெளிவந்த மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங்கின் நூல் இந்த ஆசைகளை நோய்களாக வகைப்படுத்தியது. மருத்துவம் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப் பட்டியலில், வயதுவந்தவர்கள் மனமொப்பிச் செய்யும் இத்தகைய செயல் நோயாக இல்லை. மற்றவரின் விருப்பத்துக்கு மாறாகத் துன்புறுத்தி இன்பம் தேடுவதோ நோயாக நீடிக்கிறது. கோடு வலியில் விழவில்லை, சம்மதத்தில் விழுகிறது.

ஆய்வுகளும் இதையொட்டியே பேசுகின்றன. ஆஸ்திரேலியாவில் 19,307 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், முந்தைய ஓராண்டில் இதில் ஈடுபட்டிருந்தவர்கள் சுமார் 2 சதவீதம். பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளான அனுபவம் அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. மனக்கலக்கமும் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இல்லை. சிறுவயதுக் கொடுமைதான் இந்த ஆசைக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அதற்காக எல்லோருக்கும் இது வேண்டும் என்றும் ஆகாது. விருப்பமில்லாதவர் ‘பழமைவாதி’ என்ற பட்டத்துக்கு அஞ்சி இணங்க வேண்டியதில்லை.

சம்மதம் எப்படி இருக்கும்?

சம்மதம் என்பது ஒருமுறை தலையசைப்பது அல்ல. ஆசை மூண்ட நேரத்தில் கேட்பதைவிட, இருவரும் நிதானமாக இருக்கும் வேறொரு பொழுதில் பேசிக்கொள்வதே நல்லது: எது வேண்டும், எது எப்போதுமே வேண்டாம், எந்த உடல் உபாதை இருக்கிறது. நடிப்பில் ‘வேண்டாம்’ என்பதும் ஒரு வசனமாக வந்துவிடலாம். அதனால் நிறுத்துவதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். அந்த நேரத்தில் தற்செயலாக வாயில் வராத சொல். எடுத்துக்காட்டாக, ‘மலைக்கோட்டை’ என்றால் அந்தக் கணமே எல்லாம் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. ஸ்ரீரங்கத்து ஒட்டு வீடுகளில் குரல் வெளியே போகாதிருக்க வாயைத் துணியால் மூடிக்கொள்பவர்களும் இருக்கலாம். அவர்கள் கையில் ஒரு சாவிக்கொத்தைப் பிடித்திருக்கட்டும். அது தரையில் விழும் ஓசையே நிறுத்தச் சொல்லும் சொல்.

கழுத்து விஷயத்தில் சமரசம் கிடையாது. கழுத்தை அழுத்தினால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டுச் சில நொடிகளிலேயே நினைவு தப்பும். ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதமும் வரலாம். மெதுவாக அழுத்தினால் ஆபத்தில்லை என்பது பொய். மேற்கையில் கயிறு இறுகினால் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிவிடும். மரத்துப்போவது முதல் எச்சரிக்கை. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கட்டுண்டவரைத் தனியே விட்டுப் போகக் கூடாது. மது அருந்தியவருக்கு வலியின் அளவும் தெரியாது, அவர் தரும் சம்மதமும் செல்லாது. முடிந்தபின் தண்ணீர், போர்வை, ஆதரவான பேச்சு வேண்டும். சிலருக்கு மறுநாள் காரணமில்லாத சோர்வு வரும். அப்போதும் துணை தேவை.

வலுவான மறுப்பு

கணவனிடம் எதற்கும் ‘முடியாது’ என்று சொல்லிப் பழகாத பெண்ணின் ‘சரி’ எப்படிச் சம்மதமாகும்? இதுவரை எழுந்த மறுப்புகளில் இதுவே வலுவானது, நான் இதை ஏற்கிறேன். அரசன் முன் நின்ற கணிகை ‘நிறுத்து’ என்று சொல்லியிருக்க முடியுமா என்பதை நூல் சொல்லவில்லை. மறுத்தால் முகம் திருப்புவது, சாப்பாட்டைத் தள்ளுவது, பிறந்த வீட்டுக்கு அனுப்புவேன் என்பது வழக்கமாக உள்ள வீட்டில் இந்தப் பேச்சையே தொடங்கக் கூடாது. அங்கே நடப்பது வன்முறை. ஆங்கிலப் பெயர் சூட்டினால் அது மாறிவிடாது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. அச்சத்தால் தந்த சம்மதம் சம்மதமே அல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆவது பிரிவு. அதே சட்டத்தின் 63-ஆவது பிரிவு, 18 வயதைக் கடந்த மனைவியின் விஷயத்தில் கணவனுக்கு விலக்குத் தருவது பெருங்குறை. எனினும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் உள்ளடக்கியது. மகளிர் உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416. திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையை அணுகலாம். தழும்போடு ஒரு பெண் வந்தால், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நீங்கள் நிறுத்தச் சொன்னீர்களா? சொன்னதும் அவர் நிறுத்தினாரா?