ஹெம்ப் விதை: சின்ன ஓட்டுக்குள் எவ்வளவு எண்ணெய்?

மாணவர்களே, மிளகைவிடச் சற்றுச் சிறிய ஒரு விதை. அதன் எடையில் சுமார் 30 விழுக்காடு எண்ணெய், 25 விழுக்காடு புரதம். ஓட்டை நீக்கினால் உள்ளிருக்கும் வெண்மையான பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அதுதான் ஹெம்ப் விதை.

இதைச் சிலர் 'சணல் விதை' என்று எழுதுவதுண்டு. அது தவறு. சாக்கு நெய்ய உதவும் சணல் வேறு செடி. ஹெம்ப், கஞ்சா இனத்தைச் சேர்ந்தது; ஆனால் போதை தரும் டி.எச்.சி. மிகக் குறைவாக உள்ள வகை. கனடாவில் 1998 முதல் இது உரிமத்துடன் வணிக முறையில் பயிரிடப்படுகிறது. அங்கு இலையிலும் பூவிலும் டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

ஓடு நீக்கிய 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 31 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உள்ளன. மக்னீசியமும் அதிகம். கொழுப்பில் பெரும்பகுதி நம் உடலால் தானே தயாரிக்க முடியாத இரண்டு அமிலங்கள்: ஒமேகா-6 வகையான லினோலெயிக் அமிலம், ஒமேகா-3 வகையான ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இரண்டும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன.

இந்த எண்ணெயில் ஏன் பொரிக்கக்கூடாது? இரண்டு அமிலங்களிலும் 18 கார்பன் அணுக்கள் உண்டு. முதலாவதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள்; அடுத்ததில் மூன்று. இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள இடத்தை ஆக்சிஜன் எளிதில் தாக்கும். வெப்பமும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்தும். எண்ணெயில் சிக்கு வாடை வரும். அதனால்தான் இது சூடுபடுத்தாமல் பிழியப்பட்டு, கருநிறப் போத்தலில் அடைக்கப்பட்டு, குளிர்பெட்டியில் வைக்கப்படுகிறது. நம் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே அது பொரிக்கும் சூட்டையும் தாங்குகிறது. உடலுக்கு நல்லது என்று நாம் சொல்லும் அதே பிணைப்புகளே எண்ணெயைச் சீக்கிரம் கெடவும் வைக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. விதைக்குள் டி.எச்.சி. உருவாவதில்லை. ஆனால் பூவைச் சுற்றியுள்ள பிசின் ஓட்டில் ஒட்டிக்கொள்ளலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கஞ்சா தொடர்பான சட்டங்கள் மிகக் கடுமையானவை. வெளிநாட்டுக் கடையில் சாதாரணமாக விற்கிறார்களே என்று வாங்கி வராதீர்கள்; இணையத்திலும் தருவிக்காதீர்கள்.

இதே சத்துகளுக்கு வேறு வழி இருக்கிறது. ஆளி விதையில் ஒமேகா-3 இதைவிட அதிகம். பருப்பும் கடலையும் புரதம் தரும். சந்தையில் கிடைக்கும் கெம்போங் மீனிலோ, உடல் நேரடியாகப் பயன்படுத்தும் ஒமேகா-3 வகைகளே இருக்கின்றன.