பிறப்பு எழுதிய எண்கள்: ஒரு கற்பனை விளையாட்டின் 50 ஆண்டுகள்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட அமரும் ஒவ்வொருவரும் முதலில் தமக்கான கதாபாத்திரத்தை உருவாக்க வேண்டும். அவர் எந்த இனத்தில் பிறந்தவர், எந்த வித்தை பயின்றவர், எத்தகைய வாழ்க்கைப் பின்னணி கொண்டவர் என்பதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கிறார். உடல்வலு, அறிவுக்கூர்மை, விவேகம் உள்ளிட்ட ஆறு ஆற்றல்கள் எண்களாகக் குறிக்கப்படுகின்றன. பகடை உருளும்போது வெற்றி தோல்வியில் அவ்வெண்களுக்குப் பெரும் பங்குண்டு. எனவே, அவ்வெண்களைப் பிறப்பு தீர்மானிக்கிறதா என்ற கேள்வி நமக்கு முக்கியமாகிறது.

பிறப்பு வகுத்த எல்லை

1974இல் வெளியான முதல் விதிநூலில் டுவார்ஃப் இனத்தவர் போர்வீரராக மட்டுமே ஆக முடியும். அதிலும் 6ஆம் நிலையைத் தாண்ட முடியாது. மனிதருக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. ஓர் இனத்துக்கு ஒரே தொழில், அத்தொழிலிலும் ஒரு கூரை. இந்த ஏற்பாட்டை விளக்க நமக்கு அகராதி தேவையில்லை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்தக் கூரையை அகற்றியது. ஆயினும் ஓர்க் கலப்பில் பிறந்தவருக்கு உடல்வலுவில் 2 கூட்டி, அறிவுக்கூர்மையில் 2 குறைத்தது. உழைக்கும் உடல் உண்டு, சிந்திக்கும் மூளை இல்லை என்பதே அக்கணக்கின் பொருள். 2016இல் வெளியான துணைநூல் ஒன்றும் ஓர்க்குகளின் அறிவுக்கூர்மையில் 2 குறைத்தது.

ஓர்க் போன்ற இனங்களைச் சித்திரித்த விதம், உண்மை உலகில் சில மக்களை இழிவுபடுத்தும் விதத்தையே நினைவூட்டுகிறது என்று வெளியீட்டு நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2020இல் ஒப்புக்கொண்டது. இனத்தோடு வரும் கூடுதல் எண்களை விரும்பிய ஆற்றலுக்கு மாற்றிக்கொள்ளும் விருப்ப விதியும் அவ்வாண்டே வந்தது.

பின்னணிக்கு இடம்பெயர்ந்த எண்கள்

2024 விதிநூலில் 'இனம்' என்ற சொல்லே இல்லை. 'உயிரினம்' என்ற சொல் அதன் இடத்துக்கு வந்தது. கூடுதல் எண்களை இப்போது தருவது பிறப்பு அன்று, 16 பின்னணிகளுள் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் ஒன்று.

இது முன்னேற்றமே. ஆனால் விதியை நுணுகிப் பார்ப்போம். அறிஞர் பின்னணி, உடலுறுதி, அறிவுக்கூர்மை, விவேகம் ஆகியவற்றை உயர்த்தும். உழவர் பின்னணி உடல்வலு, உடலுறுதி, விவேகம் ஆகியவற்றை உயர்த்தும். அறிவுக்கூர்மை அதில் இல்லை. ஏர் பிடித்த கைக்கு வலுக் கூடும் என்பது அனுபவம். ஏர் பிடித்தவருக்கு அறிவுக்கூர்மை கூடாது என்பது யாருடைய அனுபவம்?

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே படிநிலையாகப் பிரித்து வைப்பது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அனைவருக்கும் இருக்கும் உலகில்தான் 'பின்னணி' பிறப்பிலிருந்து வேறானது. அவ்வுரிமை மறுக்கப்பட்ட சமூகத்தில் அது பிறப்பின் மறுபெயராகிவிடும்.

ஆட்டத்தை நடத்துபவர் புதிய பின்னணிகளை வடிவமைக்க 2024 வழிகாட்டி நூல் இடமளிக்கிறது. விளையாடும் மாணவர்கள் அதைப் பயன்படுத்தலாம்: படித்த உழவரை, கணக்கறிந்த தொழிலாளியை மேசைக்குக் கொண்டுவரலாம்.

கல்லூரி வளாகங்களில் 'தகுதி' என்ற சொல்லை நம்மீது எறிவோர், அது பிறப்பிலேயே அமைந்தது என்று நம்பவைக்க முயல்கிறார்கள். 1974இன் டுவார்ஃப் 6ஆம் நிலையில் நின்றது அவருடைய திறன் குறைந்ததால் அன்று; விதி அங்கே நிறுத்தியதால். விதியை மாற்றியதும் அவர் மேலே ஏறினார்.