முகத்துக்கு எந்த விதையின் எண்ணெய்?

ஏற்காட்டுக்கு வருபவர்கள் காப்பித்தூளோடும் மிளகோடும் சேர்த்து வாங்கிப் போகும் பொருள்களில், சின்னக் குப்பிகளில் விற்கும் வாசனைத் தைலங்களும் முகத்துக்கான எண்ணெய்களும் உண்டு. மூலிகையில் செய்தது, இயற்கையானது என்பதுதான் அவற்றின் விற்பனைப் பலம். ஒன்றை முகத்தில் தடவி இரவு முழுக்க விட்டுவைக்க இந்தத் தகுதி போதாது. தாவரத்தின் எந்தப் பாகத்திலிருந்து, எந்த முறையில் எடுத்தார்கள், அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் எவை என்பது தெரிந்த பிறகே அது முகத்துக்கு ஆகுமா என்று சொல்ல முடியும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வேர்பிடித்த இரண்டு செடிகளை வைத்தே இதை விளக்கிவிடலாம். ஒன்று ஜெரேனியம், மற்றது காப்பி.

ஜெரேனியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக ஏற்காட்டுக்கு வந்தது. அதன் இலையை நீராவியில் காய்ச்சி வடித்துத் தைலம் எடுக்கிறார்கள். அந்தத் தைலத்தில் கொழுப்பே கிடையாது. சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்ற ஆவியாகும் மணச் சேர்மங்கள்தான் இருக்கின்றன. தோலின் ஈரத்தைக் காக்கும் வேலையை அவை செய்வதில்லை. சிலருக்கு ஒவ்வாமையையும் தூண்டுகின்றன என்பதால், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இவற்றின் பெயரை அழகுப்பொருளின் உறையில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. மணத்துக்காக ஒரு துளி சேர்க்கலாம். வேறெதிலும் கலக்காமல் அப்படியே முகத்தில் தேய்ப்பது எரிச்சலைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

விதை எண்ணெயின் இயல்பு வேறு. முளைக்கப்போகும் செடிக்காக விதை சேர்த்துவைத்த கொழுப்பு அது. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று கொண்டால், செல்களுக்கு இடையிலான கொழுப்பே அதன் சாந்து. அந்தச் சாந்தின் முக்கியமான ஒரு பகுதியை உருவாக்க லினோலிக் அமிலம் தேவை. நம் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. 1929-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் தோல் செதில் செதிலாக உரிந்தது. லினோலிக் அமிலத்தைத் தோலின் மேலே தடவினாலும் பலன் உண்டா? டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கு, லினோலிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயைத் தடவிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தொற்றும் கிருமிகளால் பாதிப்பு 41 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஓலிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் பெரியவர்களின் கைகளில் ஒப்பிட்ட ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு 2013-இல் வந்தது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பரணைத் தளர்த்தி லேசான சிவப்பை உண்டாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. பங்கேற்றவர்கள் 19 பேர்தான் என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் பரு உள்ளவர்களின் தோல் சுரக்கும் எண்ணெயில் லினோலிக் அமிலம் குறைந்திருக்கிறது என்ற பழைய கண்டுபிடிப்பும் இதே திசையைத்தான் காட்டுகிறது.

இனி காப்பி. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது. வறுக்காத அராபிகா கொட்டையில் ஏறக்குறைய 15 விழுக்காடு கொழுப்பு இருக்கிறது. அதன் கொழுப்பு அமிலங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் லினோலிக், மூன்றில் ஒரு பங்கு பால்மிடிக். ஓலிக் மிகக் குறைவு. முகத்தோலுக்கு ஏற்ற எண்ணெய்களின் வரிசையில் வைத்துப் பார்க்கத் தகுந்த சேர்க்கைதான். ஆனால் எள்ளைப் போலச் செக்கில் போட்டு ஆட்டி இதை எடுத்துவிட முடியாது. எள்ளில் பாதியளவு எண்ணெய். காப்பிக்கொட்டையிலோ எண்ணெய் குறைவு, கொட்டையும் கடினம். அதிக அழுத்தம் தரும் எந்திரமோ கரைப்பானோ வேண்டும். அதனால்தான் காப்பி எண்ணெய் என்ற பெயரில், தேங்காய் எண்ணெயில் காப்பித்தூளை ஊறவைத்து வடித்ததும் சந்தைக்கு வருகிறது. மணம் காப்பியுடையது, கொழுப்பு தேங்காயுடையது. காஃபீன்கூட எண்ணெயில் சரியாகக் கரையாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

நம் பாட்டிமார் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் தேய்த்து நன்றாகத்தானே இருந்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்று பிலிப்பைன்ஸ் மருத்துவர்களின் ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் எண்ணெய்க் குளியல் என்பது தேய்த்து, ஊறவிட்டு, சீயக்காயோ பயத்தமாவோ போட்டுக் கழுவிவிடுவது. இன்று விற்கும் முக எண்ணெய் இரவெல்லாம் தோலிலேயே தங்குகிறது. பருவரும் முகத்தில் கழுவாமல் விட்ட தேங்காய் எண்ணெய் பழைய வழக்கத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. எண்ணெய் துளைகளை அடைக்கும் அளவைக் காட்டும் பட்டியல்களை நம்பலாமா என்றால், அவற்றில் பல முயல் காதில் நடத்திய சோதனைகளிலிருந்து வந்தவை. மனித முகத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை.

தோல் மருத்துவர்கள் சிலர் எழுப்பும் மறுப்பு இதைவிட வலுவானது. ஈரம் வெளியேறுவதைத் தடுப்பதில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு எந்த விதை எண்ணெயும் ஈடாகாது என்கிறார்கள். உண்மைதான். எண்ணெய் தோலுக்கு நீரைத் தருவதும் இல்லை. முகம் கழுவிய ஈரத்தின் மேல் இரண்டு மூன்று துளி தடவினால்தான் பயன். லினோலிக் மிகுந்த எண்ணெய் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் சிக்குப்பிடிக்கும் என்பது இன்னொரு குறை. சிக்கு வாடை வந்த எண்ணெய் தோலை உறுத்தும் என்பதால், கரும்பழுப்புக் குப்பியில் சிறிய அளவாக வாங்குவது நல்லது. விதை எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் குளிர் இருந்தாலும் சன்ஸ்கிரீன் வேண்டும்.

மலையில் எண்ணெய் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் விதையின் பெயர், எடுத்த முறை, கொழுப்பு அமில விகிதம் மூன்றையும் குப்பியில் அச்சிட வேண்டும். அழகுப்பொருளின் உறையில் சேர்மானப் பட்டியலும் தயாரிப்பு உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. இவை இல்லாத குப்பியை வாங்காதீர்கள். வாங்கியதையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் முகத்துக்குப் போடுங்கள்.