புனிதர் பெயரில் பிறந்த ஏளனச் சொற்கள்



'வில்லன்' என்றால் யார் என்று திரைப்படம் பார்க்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் முதலில் கெட்டவனைக் குறிக்கவில்லை. 'வில்லா' என்ற இலத்தீன் சொல்லுக்குப் பண்ணை வீடு என்று பொருள். அந்தப் பண்ணை நிலத்தில் உழைத்தவனே வில்லன். உழைப்பவனை இழிவாகப் பார்த்த மேட்டுக்குடியினரின் வாயில் அச்சொல் முரடன் என்றும், பிறகு அயோக்கியன் என்றும் பொருள் மாறியது. நாம் ஒருவரைப் 'பட்டிக்காட்டான்' என்று சொல்வதும் இதே குணம்தான். நாசரேத்து என்ற சிற்றூரின் பெயரைக் கேட்டதும் நத்தனியேல் ஏளனமாகப் பேசியதை யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

பிறரை மட்டம் தட்டுவதற்கு ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். அவற்றுள் சிலவற்றின் பிறப்பைத் தேடிச் சென்றால், நம் புனிதர்களின் பெயர்களையும் நம் ஆண்டவர் பிறந்த ஊரின் பெயரையும் அங்கே காண்கிறோம். இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

படிப்பு ஏறாதவனை ஆங்கிலத்தில் 'டன்ஸ்' என்பார்கள். இது அருளாளர் ஜான் டன்ஸ் ஸ்கோட்டசின் பெயர். ஸ்காட்லாந்தில் பிறந்த இந்தப் பிரான்சிஸ்கன் துறவி, ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிசிலும் கற்பித்த பேரறிஞர். 1308ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் இறந்தார். அன்னை மரியா பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானார் என்பதற்கு ஆதரவாக வலுவான வாதங்களை முன்வைத்தவர் அவர். 16ஆம் நூற்றாண்டில், புதிய கல்வியை ஆதரித்தவர்களும் சமயச் சீர்திருத்தவாதிகளும் அவருடைய வழிவந்தவர்களை 'டன்ஸ்' என்று கேலி பேசினர். காலப்போக்கில் அச்சொல் மந்தபுத்திக்காரனைக் குறிக்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளில், பாடம் சொல்லத் தெரியாத குழந்தையின் தலையில் கூம்பு வடிவக் காகிதத் தொப்பியை மாட்டி மூலையில் நிறுத்தினர். அதன் பெயர் 'டன்ஸ் தொப்பி'.

1854ஆம் ஆண்டு திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அன்னையின் அமல உற்பவத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். 1993ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்கள் ஸ்கோட்டசின் அருளாளர் நிலையைக் கொண்டாடினார். கேலி செய்தவர்களின் காரணங்கள் எப்போதோ மறைந்துவிட்டன. கேலிச்சொல் மட்டும் அகராதியில் இன்றும் இருக்கிறது.

மலிவான பகட்டை ஆங்கிலத்தில் 'டாட்ரி' என்பார்கள். 7ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஈலி நகரில் துறவு மடம் நிறுவிய அரசி புனித எதெல்திரேதாவின் பெயரே, 'ஆட்ரி' என்று சுருங்கி இச்சொல்லாகியது. அவர் திருநாள் சந்தையில் விற்ற கழுத்துப் பட்டிகள் நாளடைவில் மலிவுச் சரக்கு என்று பெயரெடுத்தன. 679ஆம் ஆண்டு கழுத்தில் கட்டி வந்து இறந்த அந்த அரசி, இளமையில் தான் ஆசையாக அணிந்த கழுத்து நகைகளுக்கு இது பரிகாரம் என்று ஏற்றுக்கொண்டவர். பகட்டைத் துறந்த ஒருவரின் பெயர் பகட்டுக்கே பெயராகிவிட்டது!

'பெட்லம்' என்றால் கூச்சலும் குழப்பமும். அது பெத்லகேம் என்பதன் திரிபு. லண்டனில் 1247ஆம் ஆண்டு பெத்லகேம் புனித மரியாவின் பெயரில் நிறுவப்பட்ட துறவியர் இல்லம், பின்னாளில் மனநோயாளருக்கான மருத்துவமனையாயிற்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மக்கள் அங்கே சென்று நோயாளிகளை வேடிக்கை பார்த்தனர். மீட்பர் பிறந்த ஊரின் பெயர் இப்படி நகைப்புக்குரியதானது.

இவை எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது 'கிரெட்டின்' என்ற சொல். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் அயோடின் சத்துக் குறைவால் உடலும் மனமும் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளை அவ்வாறு அழைத்தனர். அது 'கிறிஸ்தவர்' என்ற சொல்லின் வட்டார வழக்கு என்பதே பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். இவரும் நம்மைப் போல் ஒரு மனிதரே, விலங்கு அல்ல என்பதை நினைவூட்டும் பரிவுச் சொல்லாக அது பிறந்தது. இன்று அதுவே ஒருவரை முட்டாள் என்று திட்டும் வசை. பரிவோடு பிறந்த சொல்லையும் ஏளனம் தன் கருவியாக்கிவிடுகிறது.

அப்படியானால் பிறர் குறையைச் சுட்டவே கூடாதா? கூடும். ஆங்கிலத்தில் விமர்சனத்தைக் குறிக்கும் 'கிரிட்டிசிசம்' என்ற சொல், பகுத்து ஆராய்தல் எனப் பொருள்படும் கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. குத்திப் பேசுவதைக் குறிக்கும் 'சர்காசம்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கோ சதையைக் கிழித்தல் என்று பொருள். முன்னது செயலைப் பார்க்கிறது. பின்னது ஆளையே கிழிக்கிறது. தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனிமையில் பேசுமாறு இயேசு கற்பித்தார் (மத்தேயு 18:15). நாமோ பலர் முன்னிலையில் சிரிப்பதற்காகப் பேசுகிறோம்.

மதிப்பெண் குறைந்த மகனை 'இடியட்' என்றும், சமையல் சரியில்லாத நாளில் மனைவியை 'வேஸ்ட்' என்றும் சொல்லிவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் கேட்டவர் மறப்பதில்லை. ஒரு பேரறிஞரின் பெயரையே நூற்றாண்டுகளாக விடாத ஏளனம், ஒரு குழந்தையின் மனதை அவ்வளவு எளிதில் விட்டுவிடுமா?

பிறருடைய நற்பெயருக்குக் கேடு விளைவித்தவர், மன்னிப்புப் பெற்ற பின்னும் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது (எண் 2487). ஆகவே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. யார் முன்னிலையில் ஒருவரைத் தாழ்த்தினோமோ, அவர்கள் முன்னிலையிலேயே அவரைப் பற்றி ஒரு நல்ல உண்மையைச் சொல்வோம். அகராதியில் ஏறிய சொல்லை நம்மால் அழிக்க முடியாது. நம் வீட்டில் ஒலிக்கும் சொல்லை இன்றே மாற்ற முடியும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.