2,048 பைட்டில் குடித்தனம்! தெரியுமா?

ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு ரேம் எவ்வளவு தெரியுமா? வெறும் 2,048 பைட்! உங்கள் கைப்பேசியில் 8 ஜிபி ரேம் என்றால், அது இதைப்போல 41,94,304 மடங்கு!

இதுவே பெரிய வீடு! ஏடிடைனி85 சிப்பில் 512 பைட். ஏடிடைனி10-ல் 32. பிஐசி10எஃப்200-ல்? பதினாறே பைட்! 'வணக்கம்' என்பதை யூடிஎஃப்-8 முறையில் வைக்க 21 பைட், சி மொழி கடைசியில் சேர்க்கும் பூஜ்யத்தோடு 22. அந்தச் சிப்பின் ரேமில் ஒரு வணக்கம்கூட நுழையாது!

ஊனோவில் 128க்கு 64 புள்ளி ஓஎல்இடி திரை மாட்டியதுண்டா? புள்ளிக்கு ஒரு பிட் என்றாலே முழுப் படத்துக்கு 1,024 பைட். பாதி ரேம் காலி! கெட்டிக்கார லைப்ரரிகள் என்ன செய்கின்றன தெரியுமா? 128 பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே படத்தை எட்டுப் பட்டைகளாக வரைகின்றன!

சீரியல் மானிட்டருக்கு அனுப்ப மேற்கோள் குறிக்குள் எழுதும் வாக்கியங்கள் எங்கே இருக்கும்? 32 கேபி ஃபிளாஷில்தானே? ஆமாம். ஆனால் பவர் போட்டதும், உங்கள் கோடு ஓடத் தொடங்கும் முன்பே, ரேமிலும் ஒரு நகல் ஏறிவிடும்! தப்பிக்க வழி? வாக்கியத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு முன்னால் 'எஃப்' என்ற ஒரே எழுத்து!

ஒரு நிமிடம் காத்திரு என்றால் 49 நாள் காத்திருக்குமா? காத்திருக்கும்! இடத்தை மிச்சம் பிடிக்க ஊனோவில் இன்ட் வெறும் 2 பைட். அதில் 32,767க்கு மேல் கொள்ளாது. காத்திருக்கச் சொல்லும் 'டிலே'க்குள் 60 பெருக்கல் 1000 என்று எழுதினால் 60,000 வருவதில்லை, மைனஸ் 5,536 வருகிறது! 'டிலே' அதை 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் மில்லிசெகண்டாக எடுத்துக்கொள்கிறது. அதாவது 49.7 நாள்! 1000க்குப் பின்னால் 'யூஎல்' என்று இரண்டெழுத்து சேர்த்தால் ஒரே நிமிடம்தான். எச்சரிக்கைகளைக் காட்டும்படி அமைத்திருந்தால் கம்பைலர் எச்சரிக்கத்தான் செய்யும். யார் படிக்கிறார்கள்?

ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு வேரியபிளுக்கும் முழுசாக 1 பைட்! பிட்ஃபீல்டு போட்டால் அதே பைட்டில் எட்டுப் பேர்!

ஊனோவில் ஸ்பிரின்ட்எஃப் மூலம் 31.5 டிகிரி என்று எழுதச் சொன்னால் என்ன வரும் தெரியுமா? '?' வரும்! இடத்தை மிச்சப்படுத்த, தசம எண் அச்சிடும் பகுதியையே கழற்றி வைத்திருக்கிறார்கள்!

ரேமில் கீழிருந்து ஹீப் ஏறும், மேலிருந்து ஸ்டாக் இறங்கும். இரண்டும் முட்டினால் எச்சரிக்கை வருமா? மூச்! மதிப்புகள் கண்டபடி மாறும், அவ்வளவுதான். அதைப் பிடிக்க ஒரு தந்திரம்: தொடக்கத்திலேயே காலி ரேம் முழுக்க 197 என்ற எண்ணை நிரப்பிவிட்டு, பிறகு எத்தனை 197 அழியாமல் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுவார்கள்!

பிஐசி10எஃப்200-ல் எண்ணவே வேண்டாம். அதன் ஸ்டாக்கில் இரண்டே திரும்பு முகவரிக்குத்தான் இடம்! ஒரு பங்ஷனுக்குள் இன்னொன்று, அதற்குள் மூன்றாவது என்று கூப்பிட்டால்? முதல் முகவரி தொலைந்தே போச்சு!