நீரின் இயல்புகள்: தொடக்கப் பள்ளிப் பாடமும் குடிநீர்ப் பணியும்

தண்ணீர் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்னும் வாக்கியத்துடனேயே தொடக்கப் பள்ளி நூல்களில் நீரைப் பற்றிய பாடம் பெரும்பாலும் தொடங்குகிறது. மாணவர்கள் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். தூய நீரைப் பொறுத்தவரை அவ்வாக்கியத்தில் பிழை ஏதுமில்லை. ஆயினும், அதனைத் திருப்பிப் பொருள் கொள்ளும் ஆபத்து அதில் அடங்கியிருக்கிறது. நிறமும் மணமும் வேண்டாத சுவையும் இல்லாத நீரெல்லாம் தூய நீரே என்று மாணவன் முடிவு செய்துவிடக் கூடும். மாணவன் மட்டுமல்ல, பெரியவர்களும் கிணற்று நீரைக் கையில் ஏந்திப் பார்த்து, தெளிவாக இருந்தால் நல்ல நீர் என்றே கொள்கிறார்கள். இந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை நாட்டின் பல மாவட்டங்களின் அனுபவம் காட்டியுள்ளது.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், எலும்புகள் இறுகி முதுகு வளைந்து மக்கள் முடமாகும் நோயைப் பற்றி 1937ஆம் ஆண்டில் மருத்துவ அறிக்கை ஒன்று வெளியாயிற்று. இந்தியாவில் ஃபுளூரைடு நச்சு நோயைப் பற்றி வெளிவந்த முதல் அறிக்கை அதுவே. நோய்க்குக் காரணம் கிணற்று நீர். அந்நீருக்கு நிறமில்லை, மணமில்லை, நாவிற்குத் தெரியும் வேறுபாடும் இல்லை. பின்னர் நல்கொண்டா போன்ற மாவட்டங்களிலும், ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பல பகுதிகளிலும் இதே குறை கண்டறியப்பட்டது.

கரைக்கும் ஆற்றல்

நீரின் இயல்புகளில் தலையாயது அதன் கரைக்கும் ஆற்றலே. சாதாரணத் திரவங்களில் நீரைப் போன்று இத்துணை வகைப் பொருள்களைக் கரைக்க வல்லது வேறில்லை. மழை நீர் ஏறக்குறைய தூயது. அது மண்ணில் இறங்கி, பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கும்போது, அப்பாறையில் உள்ளதை எல்லாம் சிறிது சிறிதாகத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. சுண்ணாம்புப் பாறையாயின் நீர் கடினத்தன்மை பெறுகிறது. அதில் சோப்பு நுரைப்பதில்லை, பருப்பும் எளிதில் வேகாது. கருங்கற்பாறையில் ஃபுளூரைடு தாதுக்கள் இருந்தால் அவை கரைந்து நீரில் சேருகின்றன. இதனால்தான் ஒரே கிராமத்தின் இரண்டு கிணறுகளில் இருவேறு வகை நீர் கிடைக்கிறது.

இந்தியத் தர நிறுவனத்தின் அளவுகோல்படி, குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். ஒரு லிட்டர் நீரின் எடை 10 லட்சம் மில்லிகிராம். எனவே பேச்சு, பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பற்றியது. இவ்வளவு சிறிய அளவு, நிலைப் பற்கள் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் குழந்தையின் உடலில் தொடர்ந்து வரம்பு மீறிச் சேருமாயின், பற்களில் பழுப்புக் கறை படிகிறது. அக்கறை வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை. தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்புகளில் பயிலும் மாணவனின் வயது இந்த எட்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது என்பதைக் கருதினால், பாடத்தின் முதல் வாக்கியத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது மிகையாகத் தோன்றாது.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதைச் சிறுவர்களுக்கு விளக்குவது கடினமன்று. ஆறு கிண்ணங்களும் சிறிது மையும் போதும். முதல் கிண்ணத்தில் ஒரு துளி மையுடன் ஒன்பது துளி நீர் கலக்க வேண்டும். அக்கலவையில் ஒரு துளியை எடுத்து இரண்டாம் கிண்ணத்தில் விட்டு, மேலும் ஒன்பது துளி நீர் சேர்க்க வேண்டும். இவ்வாறே ஆறாவது கிண்ணம் வரை செய்தால், அதில் உள்ளது பத்து லட்சத்தில் ஒரு பங்கு மை. நான்காவது அல்லது ஐந்தாவது கிண்ணத்திற்கு வரும்போதே நிறம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மை எங்கே போயிற்று என்று ஆசிரியர் கேட்கலாம். போகவில்லை, உள்ளேயே இருக்கிறது என்று மாணவன் தானாகவே கண்டுகொண்டால், நிறமற்ற நீர் தூய நீராக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்பதும் அவனுக்கு விளங்கிவிடும்.

மிதப்பதும் கரைவதும்

கரைந்த பொருளுக்கும் கலந்து மிதக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு அடுத்த பாடம். சேற்று நீரைத் துணியில் வடித்தால் சேறு தங்குகிறது. உப்பு நீரை வடித்தால் உப்பும் சேர்ந்தே இறங்கிவிடுகிறது. இந்த எளிய உண்மையின் இரு பக்கங்களையும் இந்தியா நேரில் கண்டிருக்கிறது.

ராஜஸ்தானின் படிக்கிணறுகளில் ஒரு காலத்தில் நரம்புச் சிலந்தி நோய் பரவியிருந்தது. நோயாளி நீரில் இறங்கும்போது அவர் காலில் வெளிப்படும் புழு தன் குஞ்சுகளை நீரில் விடுகிறது. அவற்றை சைக்ளோப்ஸ் என்னும் சிற்றுயிர்கள் உண்கின்றன. அந்நீரைப் பருகுவோர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் வரை நீண்ட புழு தோலைத் துளைத்து வெளிவருகிறது. சைக்ளோப்ஸ் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உடையது. ஆனால் அது நீரில் கரைந்ததன்று, மிதப்பது. ஆகவே நெருக்கமாக நெய்த துணியே அதற்குப் போதுமான தடையாயிற்று. 1980களின் தொடக்கத்தில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. துணியால் வடிகட்டும் பழக்கம், படிக்கிணறுகளை இறங்காமல் நீர் இறைக்கும் கிணறுகளாக மாற்றுதல், நீரில் மருந்திடுதல் ஆகியவற்றின் பயனாக, கடைசி நோயாளி 1996ஆம் ஆண்டில் ஜோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோய் நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தடுப்பூசியோ, புழுவைக் கொல்லும் மருந்தோ இன்றி ஒரு நோய் ஒழிந்தது என்பது சிறு செய்தியன்று.

அதே துணியை நல்கொண்டாவுக்குக் கொண்டு சென்றால் பயனில்லை. ஃபுளூரைடு துணியின் வழியே நீரோடு இறங்கிவிடும். கரைந்ததை வெளியேற்ற வேண்டுமாயின் முதலில் அதனைக் கரையாத வடிவிற்குக் கொண்டுவர வேண்டும். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறையின் அடிப்படை இதுவே. சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துக் கலக்கும்போது பஞ்சு போன்ற திரள்கள் தோன்றி, ஃபுளூரைடைப் பற்றிக்கொண்டு அடியில் படிகின்றன. செலவு குறைந்த முறைதான். ஆனால் நீரின் தன்மைக்கேற்பப் படிகாரத்தின் அளவை மாற்ற வேண்டும், படிந்த கசடை அகற்ற வேண்டும், நாள்தோறும் கவனிக்க ஆள் வேண்டும். பராமரிப்புக்கு ஒதுக்கீடு செய்யாமல் கட்டுமானத்துக்கு மட்டும் நிதி ஒதுக்கும் பழக்கம் இருக்கும் வரை, இத்தகைய முறைகள் நிலைப்பது அரிது. பின்னாளில் நதிநீரைக் குழாய் வழியே கொண்டுவரும் வழியையே அரசுகள் அதிகம் நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கொதிக்க வைத்தல்

நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்ற அறிவுரை நல்லதே. அது நோய்க் கிருமிகளைக் கொல்கிறது. தற்காலிகக் கடினத்தன்மையும் அதனால் நீங்கும். ஆனால் கரைந்துள்ள ஃபுளூரைடோ ஆர்சனிக்கோ கொதித்தால் போவதில்லை. நீர் மட்டும் ஆவியாக வெளியேறுவதால், எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்கிறது.

இதில் பொருளாதாரக் கணக்கு ஒன்றும் உண்டு. ஒரு லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 75 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். நீர் நன்கு கொதிக்கத் தொடங்கிய பின்னும் அடுப்பில் நெடுநேரம் வைத்திருப்பது விறகையும் எரிவாயுவையும் வீணாக்குவதாகும். விறகைத் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்ணுக்கு இக்கணக்கு மிக அவசியமானது. கொதிநிலையும் எங்கும் ஒன்றன்று. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் நீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. அங்குப் பருப்பு வேக நெடுநேரம் ஆவது அதனாலேயே.

குளிர்ப் பகுதிகளில் மற்றோர் இயல்பும் பொறியாளரைச் சோதிக்கிறது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது, குழாய்கள் வெடிக்கின்றன. ஆகவே அவற்றை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்க வேண்டியுள்ளது. இதே இயல்பால்தான் பனிக்கட்டி ஏரியின் மேலே மிதக்க, அடியில் மீன்கள் உயிர் வாழ்கின்றன.

வங்காளத்தின் படிப்பினை

ஒரு தீங்கை விலக்கப் போய் மற்றொன்றில் சிக்கிய வரலாறு மேற்கு வங்காளத்தினுடையது. குளம், ஆறு ஆகியவற்றின் நீரால் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவியதால், மக்கள் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளுக்கு மாறினர். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரியான முடிவே. ஆனால் கங்கைச் சமவெளியின் வண்டலில் இரும்பு ஆக்சைடுகளோடு பிணைந்திருந்த ஆர்சனிக், காற்றுப்படாத நிலத்தடிச் சூழலில் விடுபட்டு நீரில் கரைந்திருந்தது. 1983ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மருத்துவர் கே. சி. சாஹா, தோல் நோயுடன் வந்தவர்களிடம் இதன் அறிகுறிகளைக் கண்டார். இங்கு வரம்பு இன்னும் நுட்பமானது: லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மை சோதனையில் மேலும் இரண்டு கிண்ணங்கள் சேர்த்தால் எட்டும் அளவு இது.

மண்ணில் ஏறும் நீர்

சுண்ணக்கட்டியின் ஒரு முனையை மையில் வைத்தால் மை மேலேறுகிறது. நுண்புழை ஏற்றம் என்னும் இவ்வியல்பே திரியில் எண்ணெயை ஏற்றுகிறது. வேருக்கும் ஈரம் தருகிறது. கால்வாய்ப் பாசனத்தால் நிலத்தடி நீர்மட்டம் இரண்டு மீட்டருக்குள் உயர்ந்துவிட்டால், அதே இயல்பு உப்பு நீரை மேற்பரப்புக்கு இழுத்துவருகிறது. வெயிலில் நீர் ஆவியாகிறது. உப்பு வயலில் தங்குகிறது. நாட்டில் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் நிலம் உப்பு, களர்த் தன்மையால் பாதிக்கப்பட்டுள்ளது. அனைத்தும் கால்வாயின் விளைவன்று. எனினும் வடிகால் இன்றிப் பாசனம் அளித்ததன் பங்கு கணிசமானது. கர்னாலில் 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய மண் உவர் ஆராய்ச்சி நிலையம், நிலத்தடி வடிகால் குழாய்கள் மூலம் இத்தகைய நிலங்களை மீட்கும் வழிகளை வகுத்துள்ளது.

வகுப்பறை

இவற்றைச் செய்து காட்ட விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 1972ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், எளிய பொருள்களைக் கொண்டு மாணவர்களே சோதனை செய்யும் முறையைக் கையாண்டது; 2002ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எவையாயினும், அம்முறையின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது.

இன்று வாய்ப்பு முன்னைவிடக் கூடியுள்ளது. 2019ஆம் ஆண்டில் ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது குழாய் இணைப்புப் பெற்றிருந்த ஊரக வீடுகள் சுமார் 3.23 கோடி, 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது 15 கோடியைக் கடந்தது. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் நீர் அளிக்கும் தனி முயற்சி 2020 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தும் பயிற்சி அளிப்பதும் இவ்வியக்கத்தின் ஓர் அங்கம். அப்பரிசோதனைகளில் ஒன்றைப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் சூழ்ந்து நிற்கச் செய்வதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. ஊராட்சியும் தலைமையாசிரியரும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் போதும். மருந்தைச் சேர்த்ததும், அதுவரை நிறமற்றிருந்த நீரில் தோன்றும் நிறத்தை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டு, அளவை மாணவர்களே கரும்பலகையில் எழுதலாம்.