கழுவிய கையும் துணிந்த சொல்லும்

இக்கல்லூரியின் பழைய மாணவியான நான் இன்று ஒரு வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாகக் கடமையாற்றுகிறேன். அங்கு எமக்கு அளிக்கப்படும் நோய்த்தொற்றுத் தடுப்புப் பயிற்சி பற்றி மாணவிகளும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

தீவிர சிகிச்சை பெறும் நோயாளியின் உடலில் சுவாசத்துக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று எனப் பல குழாய்கள் இருக்கும். உயிர் காக்கும் அக்குழாய்களே கிருமிகள் நுழையும் வாசலாகவும் ஆகிவிடலாம். குறிப்பாக, இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய நாளம்வரை செல்லும் குழாயில் கிருமி தொற்றினால் அது நேரே இரத்தத்தில் கலந்துவிடும். வந்த நோயை வென்றவர் வைத்தியசாலையில் தொற்றிய நோயால் இறக்கவும் நேரிடும்.

ஆகவே பயிற்சி கையிலிருந்து தொடங்குகிறது. “கை கழுவத் தெரியாதவர் யார்?” என்று கேட்பீர்கள். புற ஊதா ஒளியில் ஒளிரும் திரவத்தைக் கைகளில் பூசி, கழுவிய பின் விளக்கின் கீழ் நீட்டச் சொல்வார்கள். பெருவிரலும் நகநுனியும் விரலிடுக்கும் பலருக்கு ஒளிர்ந்துகொண்டே இருக்கும். சவர்க்காரமிட்டுக் கழுவ 40 முதல் 60 செக்கன்கள் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நோயாளியைத் தொடுமுன்னும், தொட்ட பின்னும், அவரது கட்டிலையோ கருவியையோ தொட்ட பின்னும்கூடக் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆனால் அறிவு மட்டும் போதாது என்பதை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை காட்டியது. 2001ஆம் ஆண்டு அங்கு வைத்தியர் பீட்டர் புரோனோவோஸ்ட், நாளக்குழாய் ஏற்றுவதற்கு ஒரு சிறு பட்டியல் தயாரித்தார். கை கழுவுதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் சுத்தம் செய்தல், கிருமி நீக்கிய துணியால் நோயாளியை மூடி, தாமும் முகக்கவசம், தொப்பி, மேலங்கி, கையுறை அணிதல், இயன்றவரை தொடைப்பகுதியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல். எல்லாம் வைத்தியர்கள் அறிந்தவையே. எனினும் தாதியர் ஒரு மாதம் அவதானித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஏதோ ஒரு படி தவறியிருந்தது.

அதன்பின் தாதியருக்கு ஓர் அதிகாரம் வழங்கப்பட்டது. படி தவறினால் வைத்தியரை இடைநிறுத்தலாம். நிர்வாகம் தாதியின் பக்கம் நிற்கும். பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் இம்முறை பரவியது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் தலைவர்களாகப் பயிற்றப்பட்டனர். 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முடிவுகள் 2006இல் வெளியாகின. ஆயிரம் குழாய் நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆகக் குறைந்திருந்தது.

இப்பயிற்சியில் எனக்குக் கடினமானது கை கழுவுவதல்ல. “டொக்டர், கையுறையை மாற்றுங்கள்” என்று சொல்லப் பழகுவதே. பெரியோர்முன் மௌனமே மரியாதை என்று வளர்ந்த பெண் பிள்ளைகள் நாம். தாழ்ந்த குரலில், பணிவான சொல்லில், ஆனால் உரிய நேரத்தில் சொல்வதும் மரியாதைதான் என்பதை அங்கேதான் கற்றேன்.

பெற்றோரே, நோயாளியைப் பார்க்க வரும்போது உள்ளே நுழையுமுன்னும் வெளியேறும்போதும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். தடிமன், காய்ச்சல் இருந்தால் வருகையைத் தள்ளிப்போடுங்கள். இளம் தாதியொருத்தி உங்களைத் தடுத்தால் கோபிக்க வேண்டாம். உங்கள் மகளும் நாளை அந்த இடத்தில் நிற்கக்கூடும். அன்று அவள் வாய் திறக்க, இன்று வீட்டில் அவள் சொல்வதைக் கேளுங்கள்.